பொருள்: வண்டி மாறினால் மாறும் மாறிலிக்கு என்ன பெயர்?

மன்னார்குடியிலிருந்து:

அவையோர்க்கு வணக்கம். எட்டாம் வகுப்புக்கான துணைப்பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறது. அ + 5 = 12 என்பதில் அ-வின் மதிப்பு 7 மட்டுமே என்பதால் அதை மாறி என்னாமல் ‘தெரியாத எண்’ என்றே எழுதியிருக்கிறேன். சிக்கல் அடுத்த பாடத்தில். சம்பா அறுவடை வண்டிக்குக் கொடுக்கும் தொகை த, ஓடிய மணி ம, மணி வாடகை வ, வண்டியைக் கொண்டுவந்து இறக்கும் கூலி க என்றால், த = வம + க. வயலுக்கு வயல் ம மாறும், அதையொட்டித் த மாறும், இவை மாறிகள். வ, க இரண்டும் மாறிலிகள் என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி எழுந்து, “டயர் வண்டிக்கு ஒரு வாடகை, சேற்றில் இறங்கும் பெல்ட் வண்டிக்கு வேறு வாடகை ஆயிற்றே, அது எப்படி டீச்சர் மாறிலி?” என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. ஒரே வண்டியைப் பற்றிப் பேசும்வரை மாறாமலும், வண்டி மாறினால் மாறியும் வரும் இந்த எழுத்துக்குப் பிள்ளைகளுக்கு விளங்கும் பெயர் ஒன்று சொல்லுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

அம்மையீர், ‘மாறி’ என்பதன் இகரம் வினைமுதற்பொருள் விகுதி, அதாவது ‘மாறுவது’ என்று செயலைச் செய்வதைக் குறிக்கும் ஈறு. ‘மாறிலி’ என்பது உயிரிலி போல மாறு + இலி. இரண்டும் பழுதற்ற ஆக்கங்கள். இவற்றோடு ‘நிலைமாறி’ இயல்பாகச் சேரும். இன்னொன்றும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் தெரியாத எண்களை நிறப்பெயர்களால் குறித்தார். 1591-இல் பிரான்சின் கணித அறிஞர் வியெத் தெரியாதவற்றுக்கு உயிரெழுத்தையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்தையும் வைத்தார். மெய் தனித்து இயங்காது, உயிரோடு சேர்ந்தே இயங்கும் என்று படித்த நமக்கு இது எவ்வளவு நெருக்கமான பகுப்பு! இரண்டன் தன்மையும் கொண்ட இவ்வெழுத்தை ‘உயிர்மெய்’ என்றே அழைத்தால் என்ன?

திருவாரூரிலிருந்து:

ஐயா, உயிர்மெய்யைத் தமிழ் வகுப்பில் ஒரு பொருளிலும் அடுத்த மணியில் வேறு பொருளிலும் படிக்கும் பிள்ளை திண்டாடிப் போகும். ‘நிலைமாறி’யைச் சற்றே பிரித்து எழுதினால் வினையெச்சமாகி, நிலை தவறியது என்ற பொருளைத் தந்துவிடும். இதே கருத்துக்கு நம் கணிதப் பாடநூல்களில் ‘துணையலகு’, கணினி அறிவியலில் ‘அளபுரு’, இலங்கையில் ‘பரமானம்’ என்று மூன்று சொற்கள் ஏற்கெனவே வழங்குகின்றன. நான்காவதை ஆக்குவது மொழிக்குச் செய்யும் தொண்டாக எனக்குத் தோன்றவில்லை. ‘துணையலகு’ போதும்.

மயிலாடுதுறையிலிருந்து:

துணை எது, அலகு எது என்று அந்தப் பிள்ளை கேட்டால் ஆசிரியை என்ன சொல்வார்? நீளத்துக்கு மீட்டர் அலகு என்று படித்த பிள்ளைக்கு, வாடகை எப்படி அலகாகும்? பொறியியல் படிக்கப் போகிறவர்கள் எப்படியும் ‘பாராமீட்டர்’ என்றுதான் கேட்கப்போகிறார்கள். அதையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம். அது வேண்டாமென்றால் ‘தற்காலிக மாறிலி’ எனலாம்.

கும்பகோணத்திலிருந்து:

தற்காலிகம் வடசொல். மாறி, மாறிலி என்ற தூய இணைக்கு நடுவில் அதைக் கொண்டுவந்து வைக்க என்னால் இசைய முடியாது.

தஞ்சாவூரிலிருந்து:

வடசொல் என்பதைவிட, அது பொருளிலும் தவறு என்பதே என் கவலை. இங்கே வேறுபடுவது காலம் அன்று. எந்த வண்டியைப் பற்றிய கணக்கு என்பதே. ஒரே நாளில் அருகருகே இரு வண்டிகள் ஓடினாலும் வ இரண்டாகத்தான் இருக்கும். ஆகவே ‘சூழல் மாறிலி’ என்று வைக்கலாம். இந்தக் கணக்கின் சூழலில் மாறாதது என்று சொல்லே விளக்கிவிடும்.

மன்னார்குடியிலிருந்து:

நேற்றிரவுவரை வந்த மடல்களில் பெரும்பாலோர் ‘சூழல் மாறிலி’க்கு இசைந்துள்ளனர், கும்பகோணத்து ஐயாவும் தடை சொல்லவில்லை. பாடத்தில் அதையே வைத்து, ‘துணையலகு’ என்பதை அடிக்குறிப்பில் தருகிறேன்.

திருவாரூரிலிருந்து:

அடிக்குறிப்பை மாணவர்கள் படிப்பதில்லை, அம்மா. மேல்வகுப்பில் ‘துணையலகுச் சமன்பாடு’ என்று பார்க்கும்போது, எட்டாம் வகுப்பில் படித்த அதே கருத்துதான் இது என்று அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். தலைப்பிலாவது இரு சொற்களையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்ற என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.