எஸ்.எல்.ஆரா, இன்சாஸா, ஏகேவா: கைவிடாத துப்பாக்கி எது?

கொடுங்கையூர் மாணவன்:
துணை ராணுவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூலக்கடை டீக்கடையில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இரண்டு பேர் தினமும் இதே சண்டைதான். ஒருவர் ராணுவத்தின் பழைய எஸ்.எல்.ஆர். ரைபிள் மாதிரி வராது என்கிறார், இன்னொருவர் ரஷ்யாக்காரனின் ஏகேதான் என்கிறார். நம் நாட்டிலேயே செய்த இன்சாஸை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுகிறார்கள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போய், அடுத்தது தானாக ஏறி நிற்க வேண்டும். அப்படிச் செமி ஆட்டோவில் சுடும்போது எது நம்பகமானது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசை மாஜி சிப்பாய்:
தம்பி, சந்தேகமே வேண்டாம், எஸ்.எல்.ஆர். 1962 சீனப் போரில் நம் ஆட்களின் கையில் இருந்தது .303 ரைபிள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் துண்டை, கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அதற்கு அப்புறம் வந்த இஷாப்பூர் தொழிற்சாலை எஸ்.எல்.ஆர். 1971 போரைப் பார்த்த துப்பாக்கி. 7.62 மில்லிமீட்டர் குண்டு, 20 தோட்டா பிடிக்கும் மேகசின்.

அதில் எனக்குப் பிடித்தது கேஸ் ரெகுலேட்டர், பிஸ்டனைத் தள்ளும் வெடிவாயுவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. பேரலுக்கு மேலே, பிஸ்டனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதை முழுக்கத் திறந்தால் வாயு வெளியே போய்விடும், காலித் தோட்டாக் கூடு ஒழுங்காக வெளியே விழாது. ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டே வந்து சுட வேண்டும். துப்பாக்கி சரியாக ஓட ஆரம்பித்ததும் இன்னும் இரண்டு கிளிக் மூடினால் போதும். புகைக்கரி படிந்து திணறினால் மேலும் கொஞ்சம் மூடலாம். துப்பாக்கி திணறும்போது சிப்பாய் கையில் ஒரு வழி இருக்கிறது. ஏகேவில் அது கிடையாது.

காசிமேடு லேத்:
சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ரெகுலேட்டரை நீங்கள் பெருமையாகச் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. இருட்டில், கை நடுங்கும்போது, எதிரில் ஆள் நிற்கும்போது வளையத்தை யார் திருகுவது? திருகத் தேவையில்லாமல் ஓடுவதற்குப் பெயர்தான் நம்பகம்.

நான் படகு இன்ஜின் ஷாஃப்ட் கடைபவன், கடைசல் கண்ணோடு சொல்கிறேன். ஏகே தோட்டாவைப் பக்கவாட்டில் பாருங்கள், அடி பருத்து முனை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு இருப்பதால், சுட்ட கூடு ஒரு நூல் பின்னால் நகர்ந்ததுமே சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் குழி, அதன் சுவரை விட்டு விலகிவிடும். எஸ்.எல்.ஆர். தோட்டாவில் சரிவு ரொம்பக் குறைவு. சேம்பரில் அழுக்கோ துருவோ இருந்தால் கூடு உரசிக்கொண்டேதான் வரும். ஏகே மேகசின் அப்படி வளைந்திருப்பதற்கும் அந்தச் சரிவுதான் காரணம். அதோடு பிஸ்டனும், போல்ட்டைச் சுமந்து நகரும் போல்ட் கேரியரும் ஒரே கனமான துண்டு. மணல் இருந்தாலும் தள்ளிக்கொண்டு போகும்.

இன்னொன்று. எஸ்.எல்.ஆரின் தாய்த் துப்பாக்கியான எஃப்.ஏ.எல். மணலில் திணறுகிறது என்றுதான் இஸ்ரேல்காரர்கள் அதை ஒதுக்கிவிட்டு, ஏகே வழியில் கலீல் ரைபிளைச் செய்தார்கள்.

வியாசை மாஜி சிப்பாய்:
அந்த மணல் சங்கதி பிரிட்டிஷ்காரனுக்கும் தெரியும் தம்பி. அதனால்தான் அவனுடைய எஸ்.எல்.ஆரான எல்1ஏ1-இல் போல்ட் கேரியரின் மேல் வளைந்து வளைந்து பள்ளம் வெட்டினான், மணல் அதில் ஒதுங்கிக்கொள்ளும்.

சத்தம் வந்தால் மட்டும் நம்பகம் ஆகிவிடாது. பார்த்த இடத்தில் குண்டு போக வேண்டும், பட்டவன் எழுந்திருக்கக் கூடாது. 300 மீட்டருக்கு மேல் போனால் ஏகே குண்டு நன்றாகவே கீழே இறங்கிவிடும். மலைக்கு மலை சுடுகிறவனுக்கு அது உதவாது. 2019-இல் நம் ராணுவம் அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் 716 ரைபிள் வாங்கியதே, அது எந்தக் குண்டு? எஸ்.எல்.ஆரின் அதே 7.62, 51 மில்லிமீட்டர் நீளக் கூடு. பழைய குண்டைத் தேடித்தானே திரும்பிப் போனார்கள்?

ராயபுரம் என்.சி.சி.:
இரண்டு பேருமே இன்சாஸை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேசுகிறீர்கள். முகாமில் அதைச் சுட்டிருக்கிறேன். 5.56 குண்டு, தோளில் உதை குறைவு, புதிதாகச் சுடுகிறவர்கூடக் குறி தவறாமல் அடிக்கலாம். அதன் உள்ளே பாருங்கள்: சுழலும் போல்ட்டும் நீளப் பிஸ்டனும் ஏகே வழி. கேஸ் ரெகுலேட்டர், ஐயா நீங்கள் புகழும் எஃப்.ஏ.எல். வழி. நீங்கள் இருவரும் மெச்சுவது இரண்டும் ஒரே துப்பாக்கியில் இருக்கிறது.

கார்கிலில் 1999-இல் வந்த புகார்கள் எனக்கும் தெரியும். குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, ஒரே இழுப்பில் மூன்று குண்டு மட்டும் போக வேண்டிய பர்ஸ்டில் வைத்தால் நிற்காமல் ஓடியது, எண்ணெய் கண்ணில் தெறித்தது. மேகசின் உடைந்தது பிளாஸ்டிக்கின் குறை, தயாரிப்பின் குறை. துப்பாக்கியின் அமைப்பே மோசம் என்று சொல்வது நியாயமில்லை. செமி ஆட்டோவில் மட்டும் சுட்டால் அந்தப் பர்ஸ்ட் சிக்கலும் கிடையாது.

காசிமேடு லேத்:
தங்கச்சி, மேகசினும் துப்பாக்கிதான். குண்டு ஏறவில்லை என்றால், குறை பிளாஸ்டிக்கிலா இரும்பிலா என்று பிரித்துப் பார்க்கச் சிப்பாய்க்கு நேரம் ஏது? 2005-இல் நேபாள ராணுவமும் நீண்ட சண்டையில் இன்சாஸ் நின்றுவிட்டது என்று புகார் சொன்னது. பராமரிப்பு சரியில்லை என்று நம் பக்கம் பதில் வந்தது. எப்போதும் துடைத்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும் என்றால், அதை எப்படி நம்பகம் என்பது?

எண்ணூர் வாசகர்:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். கடைக்குக் காவல் வைக்க, லைசென்ஸ் எடுத்து இப்படி ஒன்று வாங்க முடியுமா?

வியாசை மாஜி சிப்பாய்:
முடியாது. ஆயுதச் சட்டத்தில் செமி ஆட்டோ ரைபிள் தடை செய்யப்பட்ட வகை. லைசென்ஸ் கிடைத்தால் .315 போல்ட் ரைபிள், 12 போர் ஷாட்கன் மாதிரிதான். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருவருக்கு இரண்டு ஆயுதம்தான். கடைக்கு நல்ல ஷட்டரும் கேமராவும் போடுங்கள்.

ராயபுரம் என்.சி.சி.:
பராமரிப்பு பற்றி அண்ணா சொன்னதற்கு வருகிறேன். காசிமேட்டில் இருந்துகொண்டு நீங்களே இதைச் சொல்லலாமா? நம் பக்கத்து உப்புக்காற்றில் ஒரு வாரம் துடைக்காமல் வைத்த இரும்பு என்ன ஆகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஏகேவின் பேரல் உள்ளே குரோமியம் பூசியிருக்கிறது, சரி. இன்சாஸ் பேரலிலும் பூச்சு உண்டு. ஆனால் மேகசின் ஸ்பிரிங்குக்கு யார் பூசுவது? துடைக்க வேண்டாத துப்பாக்கி என்று ஒன்று கிடையவே கிடையாது.

காசிமேடு லேத்:
துடைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துடைக்க முடியாத அன்றைக்கும் ஓட வேண்டும் என்கிறேன்.

கொடுங்கையூர் மாணவன்:
எனக்கு ஒன்று புரிகிறது, நான் போனால் எனக்கு எதைக் கொடுப்பார்கள் என்பது என் கையில் இல்லை. கொடுத்ததில் எதைப் பார்த்து வாங்குவது, ஐயா?

வியாசை மாஜி சிப்பாய்:
நல்ல கேள்வி. முதலில் மேகசின். வாயின் இரண்டு உதடுகளும் ஒரே அளவில் வளைந்திருக்கின்றனவா பார். ஒன்று கொஞ்சம் விரிந்திருந்தாலும் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து பேரல் வாயில் முட்டும். உள்ளே இருக்கும் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தி விடு, தயங்காமல் மேலே வர வேண்டும். அடுத்து சேம்பரில் துரு. அப்புறம் காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகம் தேய்ந்திருக்கிறதா என்று பார். ரேஞ்சில் ஒரே மேகசின் இரண்டு தடவை திணறினால் அதன் அடியில் குறி போட்டு, ஆயுத அறையில் சொல்லித் திருப்பிக் கொடு. வெட்கப்பட்டுக்கொண்டு அதையே தூக்கிக்கொண்டு டூட்டிக்குப் போகாதே.

காசிமேடு லேத்:
இது எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தம்பி, 2021-இல் ஆறு லட்சத்துக்கும் மேலான ஏகே 203-க்குக் கையெழுத்துப் போட்டு அமேதி பக்கம் கோர்வாவில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். நம் திருச்சித் தொழிற்சாலையிலும் ஏகே வகைத் துப்பாக்கி செய்கிறார்கள். சிக் 716-ஐ வைத்து வாதாடும் சார் இதற்கும் ஒரு பதில் சொல்லட்டும்.

வியாசை மாஜி சிப்பாய்:
சொல்கிறேன். 72,400 எல்லைக்கு, ஆறு லட்சம் மற்றவர்களுக்கு. தூரம் பார்த்துச் சுடுகிறவன் கையில் எதைக் கொடுத்தார்கள் என்று நீயே பார்.