புதுப்பிப்பு: டைரிக்கு நானே கேள்வி தேடிய கதை

டைரியைத் திறந்தால் ‘இன்று எப்படிப் போனது?’ என்பதைத் தாண்டிக் கேள்வியே தோன்றவில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேள்விகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கும் யோசனை நாலு நாளில் அலுத்துவிட்டது. பலித்தது, ‘அன்று கண்ணில் பட்ட ஒரு பொருளோடு யார், எங்கே, ஏன் என்பதில் ஒன்றைச் சேருங்கள்’ என்று ஒரு அக்கா சொன்னதுதான். கிருஷ்ணகிரி சந்தையில் ஒரு பெங்களூரா மாங்காய், காம்பில் பால்கூடக் காயவில்லை. ‘எனக்கு முதன்முதலில் மாங்காய் கீறி உப்பு மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தது யார்?’ என்று எழுதினேன். அவ்வளவுதான், ஆயாவைப் பற்றி மூன்று பக்கம் ஓடியது.

எதிர்பாராத ஒன்று: ‘ஏன்’ என்று கேட்டால் என்னையே குற்றம் சொல்லி எழுதுகிறேன். ‘யார்’, ‘எங்கே’ என்றால் ஆட்களும் இடங்களும் வருகிறார்கள். அதனால் ‘ஏன்’ இப்போது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். அப்புறம், கேள்வியை முந்தின இரவே எழுதி வைத்துவிடுகிறேன்.