பல் தேய்ந்த மயிலையும் ஒரு சந்தேகமும்

கொறங்காட்டுக்காரன் (காங்கேயம் பக்கம்):
எங்கள் மயிலைப் பசுவுக்கு 19 வயது. பதினோரு ஈற்று. நேற்று வாயைப் பிரித்துப் பார்த்தேன். கீழ்வரிசை எட்டுப் பல்லும் ஈறோடு ஈறாகத் தேய்ந்து கிடக்கிறது. கொழுக்கட்டைப் புல்லைக் கடிக்க முடியாமல் நாக்கால் சுருட்டிச் சுருட்டி விடுகிறது. “கிழடு ஒதுங்கினால்தான் இளசுக்கு மேய்ச்சல்” என்கிறார் அப்பாரு. பரிணாமமும் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் மூப்பை வைத்ததா?

பழைய வாத்தியார் (பொள்ளாச்சி):
அப்பாரு சொன்னதை 19-ஆம் நூற்றாண்டிலேயே வைஸ்மன் என்ற ஜெர்மன் உயிரியலாளரும் சொன்னாருங்க. ஆனால் எல்லாம் ஒதுங்கிக்கொள்ளும் பட்டியில் ஒதுங்காத மாடு ஒன்று பிறந்தால், கன்று அதிகம் போடுவது அதுதானே? கொஞ்ச காலத்தில் பட்டி முழுக்க அதன் வாரிசாகிவிடும்.

டீக்கடைக் கிளாஸை எடுங்கள். நூறு கிளாஸ், மாதம் பத்தில் ஒன்று கைதவறி உடைகிறது. மூன்று வருடத்தில் ரெண்டோ மூணோதான் மிஞ்சும். நாலாம் வருடம் விரிசல் விடும் கிளாஸாக இருந்தால்தான் கடைக்காரருக்கு என்ன? காட்டு விலங்கும் அப்படித்தான். புலி, பஞ்சம், நோய் என்று கிழடாவதற்குள் பெரும்பாலும் போய்விடும். அதனால் பிந்தி வரும் கோளாறுகளை இயற்கைத் தேர்வு களைவதில்லை. மெடாவர் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் 1952-ல் சோதனைக் குழாயை வைத்துச் சொன்னது இது. நான் டீக்கடைக்கு மாற்றிக்கொண்டேன். 1957-ல் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் இன்னும் ஒரு படி போனார்: முதல் ஈற்றுக்குக் கைகொடுக்கும் மரபணு, கிழப்பருவத்தில் காலை வாரினாலும் நிலைத்துவிடும்.

கிளாஸ் குறைவாக உடையும் இடமும் உண்டு. அமெரிக்காவில் சப்பெலோ தீவில் இருக்கும் ஒப்போசம் என்ற பை விலங்குகளுக்குப் பெருநிலத்தில் இருக்கும் எதிரிகள் பெரும்பாலும் கிடையாது. அவை பெருநிலத்தில் இருப்பவற்றைவிட மெதுவாக மூப்படைவதை ஆஸ்டட் என்ற ஆய்வாளர் 1993-ல் காட்டினார். ஒரு ஈற்றுக்குக் குட்டியும் குறைவு.

பல்லுக்கு வருவோம். டாப்ஸ்லிப் யானைக்குக் கடைவாய்ப் பல் ஆறு தடவை வரும். ஏழாவது கிடையாது. ஆறாவதும் தேய்ந்தால் பட்டினிதான்.

வேலியோரம்:
வேலி ஆனைக்கத்தாழை ஒரே தடவை பூத்துவிட்டுச் சாகிறதே வாத்தியாரய்யா, அது?

பழைய வாத்தியார்:
அது இருப்பதையெல்லாம் ஒரே தண்டில் கொட்டிவிடுகிற கணக்கு. உடம்பைப் பராமரிக்க மிச்சம் வைப்பதில்லை.

கொறங்காட்டுக்காரன்:
சரிங்க, அப்பாருவிடம் கிளாஸ் கதையைச் சொன்னேன். “எந்தக் கடையில் மாசம் பத்து உடைப்பான், அவனை வேலையை விட்டு நிறுத்து” என்கிறார். மயிலைக்குப் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி ஊற்றுகிறோம். குடிக்கிறது.