குளிர்ந்த எண்ணெயில் நீராவி: எமல்ஷன் செய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்சி. வேதியியல் மாணவிகள் இருவரின் ப்ராஜெக்டுக்காக உதவி கேட்கிறேன்.

எமல்ஷன் (எண்ணெயும் நீரும் நுண்துளிகளாகக் கலந்த கலவை) என்றாலே மிக்ஸியில் அடிப்பதும் அல்ட்ராசவுண்ட் கருவியில் வைப்பதும்தான் நமக்குத் தெரியும். 2017இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கலக்காமலே செய்து காட்டினார்கள். சர்பேக்டன்ட் (துளிகள் ஒன்றுசேராமல் காக்கும் சோப்பு போன்ற பொருள்) கலந்த எண்ணெயை ஈரப்பதமான அறையில் வைத்து அடியிலிருந்து குளிரவைத்தால், காற்றிலுள்ள நீராவி எண்ணெய்ப் பரப்பில் பனித்துளியாகப் படியும். எண்ணெய் அந்தத் துளிகளைப் போர்த்தி உள்ளே இழுத்துக்கொள்ளும். நானோ அளவுத் துளிகள், மாதக்கணக்கில் பிரியாமல் நிற்கும். மருந்து, அழகுப் பொருள், உணவு எல்லாவற்றுக்கும் பயன்படக்கூடிய வழி. எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

முதலில் தேங்காய் எண்ணெயில் முயன்றோம். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், யோசித்திருக்க வேண்டும். இப்போது லிக்விட் பாரஃபின் எண்ணெயும் ஸ்பான் 80 என்ற சர்பேக்டன்டும். ஐஸ் தட்டின் மேல் கிண்ணம், பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரம், மேலே மூடி. துளிகள் படிகின்றன, ஆனால் சிறிது நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி அடியில் தங்கிவிடுகின்றன. வெந்நீர் ஆவி அளவுக்கு மீறிப் போகிறதோ என்று சந்தேகம்.

ஸ்பான் 80 எத்தனை சதவீதம் சேர்க்கலாம்? எண்ணெயை எந்த வெப்பநிலையில் வைப்பது? துளி அளவைப் பார்க்க டி.எல்.எஸ். (ஒளிச்சிதறலை வைத்து அளக்கும்) கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. மதுரைப் பக்கம் மாணவர்களுக்கு அளந்து தரும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த மாதம் வைவா.