லாக்டேட் இறங்க மறுக்கிறது: சிஎச்ஓ செல் வளர்ப்பில் ஒரு சிக்கல்

செல் வளர்ப்பில் கை பழகியவர்கள் கொஞ்சம் வழி காட்டுங்கள்.

சிஎச்ஓ செல்களில் (சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த செல்வகை) ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே வகை எதிர்ப்புரதம்) தயாரிக்கிறோம். சீரம் இல்லாத ஊடகம், ஃபெட்-பேட்ச் முறை (இடையிடையே ஊட்டம் சேர்ப்பது), 37 டிகிரி செல்சியஸ். ஷேக்கர் குடுவையில் ஒழுங்காக வளரும் இதே குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய வகை), பயோரியாக்டர் எனும் வளர்ப்புக் கலனுக்குள் போனதும் முரண்டு பிடிக்கிறது.

வளர்ச்சி வேகம் தணிந்ததும் செல்கள் குளுக்கோஸைச் சிதைத்துத் தாம் கழிவாக வெளியேற்றிய லாக்டேட்டையே உண்ணத் தொடங்க வேண்டும். இங்கே அது நடப்பதே இல்லை. லாக்டேட் ஏறுகிறது, பிஹெச் சரிகிறது, அதைச் சரிக்கட்டக் கருவி காரத்தை ஊற்றுகிறது, ஆஸ்மோலாலிட்டி (கரைபொருள்களின் செறிவு) எகிறுகிறது. பிறகு டிரைபான் நீலச் சாயம் சேர்த்துப் பார்த்தால், நீலம் ஏறிய செத்த செல்கள்தான் அதிகம்.

குளுக்கோஸை லிட்டருக்கு 2 கிராம் அளவில் வைத்துப் பார்த்தோம். சற்று அடங்கியதே தவிர, திசை மாறவில்லை. இது ஜிஎஸ் குளோன், அதாவது குளுட்டமினைத் தானே தயாரித்துக்கொள்ளும் வகை. குளுட்டமின் சேர்ப்பதில்லை, அம்மோனியாவும் குறைவு. அதனால் அந்தப் பக்கம் எனக்குச் சந்தேகமில்லை.

என் சந்தேகமெல்லாம் தாமிரத்தின் மீதுதான். ஊடகத்தில் தாமிரம் போதாவிட்டால் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசம் தளர்ந்து லாக்டேட் தேங்கும். காப்பர் சல்பேட் கூட்டியவர்கள் எந்த அளவில் நிறுத்தினீர்கள்? ஆன்டிபாடியின் மின்னூட்ட வகைகள் (மின்னூட்டத்தில் வேறுபடும் வடிவங்கள்) மாறினவா? வெப்பநிலையை 33 டிகிரிக்கு இறக்குவதை எந்தக் கட்டத்தில் செய்கிறீர்கள்? சீக்கிரம் இறக்கினால் செல் எண்ணிக்கையே எட்டாது என்று தயங்குகிறேன். கரைந்த கார்பன் டை ஆக்சைடு தேங்குவதும் காரணமாக இருக்குமா?

'ஊடகத்தையே மாற்றிவிடுங்கள்' என்ற யோசனை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். ஆக்சிஜன், கிளறும் வேகம் முதலிய விவரங்களைக் கேட்டால் தருகிறேன்.