மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பி நட்ட செடி

நான்கு வருடத்துக்கு முன்னால், கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் மஞ்சள் கரிசலாங்கண்ணி போட ஆசைப்பட்டேன். அப்பா வள்ளலார் வழியில் நடப்பவர். வள்ளலார் அவ்வளவு உயர்வாகச் சொன்ன கீரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நர்சரியில் கேட்டதும், பளபளவென்று இலையும் பெரிய மஞ்சள் பூவுமாக ஒரு பைச் செடியைக் கொடுத்து "இதுதான்" என்றார்கள்.

வைத்த வேகத்தில் பிடித்துக்கொண்டது. ஒரே மழைக்காலத்தில் கிணற்றடி முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அத்தனை சந்தோஷம். ஒரு நாள் துவையலுக்கு என்று ஒரு கை பறித்து முறத்தில் போட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாயி அதில் ஒரு இலையை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். "இது கையாந்தகரை இல்லடி, அடுப்பில ஏத்தாத" என்றார். கரிசலாங்கண்ணிக்கு அவர் சொல்லும் பெயர் கையாந்தகரை.

மறுநாள் காலை என்னை வாய்க்கால் வரப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், நாணலுக்கு நடுவே படர்ந்திருந்த செடியைக் காட்டினார். அதுதான் பொற்றலைக் கையாந்தகரை, அதாவது நிஜமான மஞ்சள் கரிசலாங்கண்ணி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கையாந்தகரையின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். ஓரத்தில் லேசான பல், தடவினால் சொரசொரப்பு. பூ சிறியது, காம்பு நீண்டு தனித்தனியாக நிற்கும். நான் நட்டதன் இலையோ மூன்று மடலாகப் பிரிந்திருந்தது, பூவும் பெரிது. அது சிங்கப்பூர் டெய்சி. பெயரில்தான் சிங்கப்பூர், சொந்த ஊர் மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கம். அழகுக்காகக் கொண்டுவந்த செடி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது என்று அப்புறம் படித்தபோது நெஞ்சு திக்கென்றது. எங்கள் வாய்க்கால் பத்தடியில்தான் ஓடுகிறது.

எடுத்துப் போடுவதுதான் பெரும்பாடு. தரையைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும், அறுந்த துண்டும் முளைக்கும். மூன்று மாதம் விடாமல் கொத்தினேன். பிடுங்கியதைக் குப்பையிலோ வாய்க்காலிலோ போடாமல் மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்துச் சருகாகும்வரை காயவைத்தேன்.

சரி, நல்ல செடிக்கு வருகிறேன். வரப்பிலிருந்து மூன்று கணு உள்ள தண்டாக இருபது எடுத்துவந்தேன். வண்டல் மண்ணில் மக்கிய சாணம் கலந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட்டேன். பாதி வெயில் போதும். ஈரம் எப்போதும் வேண்டும். துணி துவைக்கும் கல்லோரம் வைத்தவை நன்றாக வந்தன. மாடியில் தொட்டியில் வைத்தவை சித்திரை வெயிலில் கருகிப்போயின. இதுவும் கணுவில் வேர்விட்டுப் படரும், ஆனால் அந்த வெறி கிடையாது. வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வந்துகொண்டே இருக்கும். வெள்ளைக் கரிசலாங்கண்ணி விதையிலிருந்தே எளிதாக வந்துவிடும். மஞ்சளுக்குத் தண்டு நடுவதே சுலபம்.

இந்தச் செடியின் வேதியியலில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. இதிலிருக்கும் வெடலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் மூலக்கூறு அமைப்பை 1956இல் வெளியிட்டவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியின் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர். அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இப்போது யார் தண்டு கேட்டாலும் முதலில் ஒரு இலையைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கன்னத்தில் தேய்த்துவிட்டு, "உப்புத்தாள் மாதிரி இருக்கே" என்றார். ஆறு தண்டு கட்டிக் கொடுத்தேன்.