மறு: குதிரைவாலிப் புல்லும் "பயிர்ப்போலி"ங்கற சொல்லும்

நண்பர்களுக்கு வணக்கம்,

களை எடுக்கற கைக்குத் தப்பித் தப்பி ஒரு களை தலைமுறை தலைமுறையா பயிர் மாதிரியே ஆயிடறதுக்கு, ரஷ்ய தாவர விஞ்ஞானி வவிலோவ் பேர வச்சு இங்கிலீஷ்ல Vavilovian mimicryன்னு சொல்வாங்க. அதுக்குத் தமிழ்ல நேத்து மடல்ல ஐயா "பயிர்ப்போலி"ன்னு ஒரு சொல் குடுத்திருந்தாரு, அதுக்கு முன்னாடி இன்னொருத்தர் "வவிலோவியப் பாவனை"ன்னு எழுதியிருந்தாரு. ரெண்டு நாளா ரெண்டையும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், எனக்கு ஒட்டல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல செடிய பாத்துருவோம். நாம சமைக்கிற குதிரைவாலி அரிசி இருக்குல்ல, அதோட காட்டுச் சொந்தம்தான் இந்தக் குதிரைவாலிப் புல்லு, நெல்லு வயல்ல வர்ற களை. வயல்ல நெல்லோட நெல்லா வரும். நட்டு இருபது நாள் வரைக்கும் எது நெல்லு எது புல்லுன்னு பழகாத கண்ணுக்கு தெரியவே தெரியாது. திருவாரூர் பக்கம் எங்க அத்தையோட களை எடுக்க எறங்கினப்ப நான் புடுங்கப் போன மொத தூரே நெல்லு. அத்தை கையப் புடிச்சு நிறுத்தி, "கண்ண நம்பாத தம்பி, ஓலைய விரிச்சுப் பாரு"ன்னாங்க. ஓலை தண்ட விட்டுப் பிரியுற எடத்துல நெல்லுக்கு வெள்ளையா ஒரு சவ்வு நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு பக்கமும் மயிர் வச்ச சின்ன காது மாதிரி கொக்கி இருக்கும். இந்தப் புல்லுக்கு ரெண்டும் கெடையாது, அந்த எடம் மொட்டையா இருக்கும். தடவிப் பாத்தா நெல்லு ஓலை சொரசொரன்னு இருக்கும், இது வழவழன்னு இருக்கும். அத்தைக்கு அந்த வித்தியாசம் வெரல்லயே தெரியும்.

வளர்றதும் பயங்கர வேகம். வெயில் காஞ்சா நெல்லு தெணறும், இது மக்காச்சோளம், கரும்பு மாதிரி சி4 வகை, அதாவது சூட்டுலயும் நல்லா ஒளிச்சேர்க்கை பண்ற வகைங்கறதால அந்த வெயில்ல தான் இன்னும் ஓடும், போட்ட யூரியாவுலயும் பாதிய இதுவே உறிஞ்சிக்கும். தண்ணிக்கடியில ஆக்சிஜன் இல்லாத சேத்துல கூட மொளைக்கும். நெல்லு அறுப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே கதிர் முத்தி உதிந்துரும், ஒரு செடியே ஆயிரக்கணக்குல கொட்டும், அது மண்ணுல படுத்துக் கெடந்து அடுத்தடுத்த போகத்துல எழும்பும்.

சரி, சொல்லுக்கு வர்றேன். பொதுவா இந்தப் புல்லு அடித்தண்டு செவந்து தரையோட படர்ந்து தூர் விரிக்கும். நெல்லு மாதிரியே இருக்கற வகை மட்டும் அடி பச்சையா, தூர் நிமிந்து நிக்கும். சீனாவுல யாங்சி ஆத்துப் படுகை புல்ல எடுத்து மரபணுவ ஆராய்ஞ்சு 2019ல ஒரு கட்டுரை வந்துச்சு, அந்த நெல்லு மாதிரி வகை ஏறக்குறைய 1000 வருஷத்துக்கு முன்னாடி, சோங் அரச காலத்தை ஒட்டி, படர்ற வகையில இருந்து பிரிஞ்சு வந்ததுன்னு அதுல இருக்கு. யார் பிரிச்சா? களை எடுத்த கைதான். வித்தியாசமா தெரிஞ்சத எல்லாம் புடுங்கிப் போட்டாங்க, நெல்லு மாதிரி இருந்தது தப்பிச்சு விதை போட்டுச்சு, தலைமுறை தலைமுறையா இதே கதை.

அப்ப இதுல புல்லு யாரையும் ஏமாத்தல, எதையும் பாவிக்கல. "போலி"ன்னாலும் "பாவனை"ன்னாலும் ஒரு கள்ளத்தனம் வந்து ஒட்டிக்குது. அதவிட முக்கியமா, விவசாயிகிட்ட போலின்னு சொன்னா அவரு மனசுக்கு வர்றது கடையில ஏமாந்து வாங்குன போலி விதை, போலி உரம். அந்த வலி உள்ள சொல்ல இங்க கொண்டுவந்து போடக் கூடாதுன்னு நெனைக்கிறேன்.

நான் சொல்றது "சாயல்". கொழந்தையப் பாத்து அப்பா சாயல்ங்கறோம், கொழந்தை நடிக்குதுன்னு யாரும் அர்த்தம் பண்ணிக்கறதில்ல, அது வழிவழியா வர்றது. இங்கயும் அதேதான், என்ன, நெல்லுக்கும் புல்லுக்கும் நேரடி ஒறவு இல்ல. அந்த ஒரு கொறைய ஒத்துக்கறேன். தன்மைக்கு "பயிர்ச்சாயல்", செடிக்கு "சாயல்களை".

சொல்ல நீட்டியும் பாத்தேன். மைசூர் பருப்பு வயல்ல வர்ற ஒரு களைக்கு விதையே பருப்பு மாதிரி தட்டையாகிடுச்சு, ஆளி விதையோட வர்ற களை தூத்துறப்ப ஆளி விழற எடத்துலயே விழுது, ரெண்டும் "விதைச்சாயல்". களைக்கொல்லி அடிச்சாலும் பயிர் மாதிரியே தாங்கி நிக்கறது "வேதிச்சாயல்". இப்படி "போலி" நீளுமான்னு பாருங்க.

வவிலோவ் பேர விடணும்னு நான் சொல்லல. கோதுமை வயல்ல களையா வந்த ரைங்கற தானியப்புல் பின்னாடி தானே பயிரா ஆன கதைய விளக்குனவரு அவரு, விதை விதையா சேத்து வச்சு கடைசியில 1943ல சிறையில பட்டினியில செத்தாரு. கட்டுரையில மொத தடவை "வவிலோவியப் பயிர்ச்சாயல்"னு போட்டுட்டு அப்புறம் வெறும் "பயிர்ச்சாயல்"னு எழுதலாம்.

ஒரே ஒரு எடம் எனக்கு இன்னும் முடியல, வினைச்சொல். "நெல்லின் சாயல் கொள்கிறது"ன்னா நல்லாதான் இருக்கு, ஆனா புல்லு தானா போய் எடுத்துக்கிட்ட மாதிரி திரும்பவும் தொனிக்குது. "நெற்சாயல் படிகிறது"ன்னு வைக்கலாமா? இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, அதுவரைக்கும் என் வரைவுல "படிகிறது"ன்னே வச்சிருக்கேன்.